பாட்டுக் கேட்கிற பிளேயருக்கு எத்தனை ஜிபி போதும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் சொந்தக்காரர், அயலவர், கூட வேலை செய்பவர் என்று யார் பாட்டுக் கேட்க ஒரு சின்ன பிளேயர் வாங்கப் போனாலும் போகிற வழியில் எனக்கு ஒரு கோல் எடுப்பார்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: 16 எடுக்கிறதா, 64 எடுக்கிறதா, 256 எடுக்கிறதா? ஆளாளுக்குச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ கடை வாசலில் நின்றுகொண்டே வாசிக்கலாம்.

நேரமில்லை, ஒரு எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

32 ஜிபி. எம்பி3 பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது தாராளம். பிளேயருக்குள்ளேயே 8 அல்லது 16 ஜிபி இருந்து, பக்கத்தில் மெமரி காட் போடும் இடமும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். காட் போட இடமில்லாத பிளேயர் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், ஏனென்றால் வாங்கின அளவோடு கடைசி வரைக்கும் இருக்க வேண்டும்.

பெட்டியில் "இத்தனை ஆயிரம் பாட்டு" என்று போட்டிருக்கிறதே, அந்தக் கணக்கு சரியா?

அவர்கள் எதைப் பாட்டு என்று எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2001 ஒக்டோபரில் முதல் ஐபொட் வந்தபோது "சட்டைப் பைக்குள் 1,000 பாட்டு" என்றுதான் விளம்பரம் செய்தார்கள். அதற்குள் இருந்தது 5 ஜிபி ஹார்ட் டிஸ்க். பாட்டு ஒன்று 4 நிமிடம், தரம் 160 கேபிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு பாட்டுக்கு 4.8 மெகாபைட், ஆயிரம் பாட்டுக்கு 4.8 ஜிபி. கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் நம்முடைய சினிமாப் பாட்டு பெரும்பாலும் ஐந்து நிமிடத்தை ஒட்டி வரும், நாம் இப்போது வைத்திருப்பதும் 320 கேபிபிஎஸ். அப்படிப் பார்த்தால் ஒரு பாட்டுக்கு 12 மெகாபைட், அதே 5 ஜிபிக்குள் 400 பாட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் போகும்.

அதனால் பாட்டை எண்ணாதீர்கள், மணி நேரத்தை எண்ணுங்கள். கேபிபிஎஸ் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை ஆயிரம் பிட் என்ற அளவு. எட்டால் வகுத்தால் கிலோபைட், அதை 3,600ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான இடம். 128இல் மணிக்கு 58 மெகாபைட், 192இல் 86, 256இல் 115, 320இல் 144. இந்தக் கடைசி எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: நல்ல தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு 144 மெகாபைட். 32 ஜிபியில் 200 மணி நேரத்துக்கு மேல் பாட்டு, அதாவது இரவு பகலாக எட்டு நாள்.

சரி, எனக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று எப்படித் தெரியும்?

நீங்கள் பாட்டுக் கேட்கிற நேரத்தை ஒருதரம் கூட்டிப் பாருங்கள். என்னுடையதைச் சொல்கிறேன். காலையில் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி கோட்டைக்குப் போக, பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். பின்னேரம் திரும்பி வர இன்னொரு மணி நேரம். மாதம் 25 நாள் வேலை என்றால் 50 மணி நேரம். 50ஐ 144ஆல் பெருக்கினால் 7.2 ஜிபி.

இதை ஒருதரம் நிதானமாக வாசியுங்கள். ஒரு மாதம் முழுக்க ஒரு பாட்டைக்கூட இரண்டாம் முறை கேட்காமல், ஆக உயர்ந்த எம்பி3 தரத்தில் கேட்டாலும் 8 ஜிபிக்குள் அடங்குகிறது! யார்தான் அப்படிக் கேட்கிறோம்? பிடித்த நாற்பது ஐம்பது பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகிற ஒன்பது மணி நேரத்துக்கும், விடிய விடிய நித்திரை கொள்ளாமல் கேட்டாலும், 1.3 ஜிபிதான்.

ஆகவே நான் முதலில் சொன்ன 32 என்பது ஒரு மாதத்துக்குப் புதுப் பாட்டு, எப்போதும் கையில் வேண்டிய பழைய பாட்டு, பிள்ளைகளுக்கு ஏதாவது, அதற்கு மேலும் பாதிக்கு மேல் வெறும் இடம் என்று எல்லாம் சேர்ந்த கணக்கு.

ஆனால் என்னிடம் இருக்கிற எல்லாப் பாட்டும் கையில் இருக்க வேண்டும்.

இந்த ஆசை எனக்கு நன்றாக விளங்கும். 160 ஜிபி வரை வந்த ஐபொட் கிளாசிக்கை 2014இல் நிறுத்தியபோது வருத்தப்பட்டவர்கள் எல்லாரும் இந்த ஆசைக்காரர்கள்தான். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். 256 ஜிபியை நிரப்பி வைத்தால் 320 தரத்தில் ஏறக்குறைய 1,780 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் ஒருதரம் கேட்டு முடிக்க இரண்டரை வருடம் ஆகும். அதற்குள் அந்தச் சின்னத் திரையில், இரண்டு மூன்று பொத்தானை வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி 20,000 பாட்டுக்குள் ஒன்றைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று கடையில் நிற்கும்போது தெரியாது.

சேமிப்பு வீட்டில் இருக்கட்டும், ஹார்ட் டிஸ்க்கில், முடிந்தால் இரண்டு பிரதியாக. பிளேயர் நாம் கட்டிக்கொண்டு போகிற சோற்றுப் பார்சல் மாதிரி. நெல் மூட்டையை யாரும் வேலைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

ஃப்ளாக் வடிவத்தில் கேட்கிறேன். எனக்கும் 32 போதுமா?

உங்களுக்குப் போதாது. ஃப்ளாக் என்பது சீடியில் இருக்கும் ஒலியில் ஒன்றையும் வெட்டாமல் இடத்தை மட்டும் சுருக்குவது. சீடியின் முழு ஒலி விநாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் இரண்டு பக்கம்: மொத்தம் 1,411 கேபிபிஎஸ், மணிக்கு 635 மெகாபைட். ஃப்ளாக் ஆக்கினால் பாட்டைப் பொறுத்து இதில் பாதியோ, பாதிக்குக் கொஞ்சம் மேலோ வரும். தனி வீணையோ குரலோ என்றால் நன்றாகச் சுருங்கும், அடித்துக் கிளப்புகிற புதுப் பாட்டு அவ்வளவாகச் சுருங்காது. சராசரியாக மணிக்கு 350 என்று எடுங்கள். என்னுடைய மாதம் 50 மணி நேரக் கணக்கில் அது 17.5 ஜிபி. 64 அல்லது 128 வாங்குங்கள். சீடியை விட நுணுக்கமாகப் பதிந்த 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு மணிக்கு ஒரு ஜிபிக்கு மேல் போகும். 256, 512 என்ற காட்டெல்லாம் உண்மையில் தேவைப்படுகிறது இவர்களுக்குத்தான்.

ஆனால் பணம் கொடுக்க முன் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, எங்கே கேட்கிறீர்கள்? இரவில் அறைக் கதவைச் சாத்திவிட்டு நல்ல ஹெட்போனில் கேட்பவருக்கு ஃப்ளாக்கில் வைத்திருப்பது நியாயம். ஜன்னல் திறந்த பஸ்ஸில், ஹோர்ன் சத்தத்துக்கு நடுவில், 256 எம்பி3க்கும் ஃப்ளாக்குக்கும் வித்தியாசம் சொல்ல எனக்கு முடிந்ததில்லை, நான் பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன். இரண்டு, புளூடூத்தில் கேட்கிறீர்களா? சாதாரண புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு காதுக்குப் போக முன் மறுபடி சுருக்கப்பட்டுத்தான் போகிறது, பொதுவாக 328 கேபிபிஎஸ்ஸுக்கு உள்ளே. அப்போது ஃப்ளாக்குக்காக ஒதுக்கிய இடத்தில் பெரும்பகுதி வீண்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 128இல் இறக்கிய எம்பி3யை 320 ஆகவோ ஃப்ளாக் ஆகவோ மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றினால் கோப்பு மட்டும்தான் வீங்கும். ஒருதரம் வெட்டிய ஒலி திரும்பி வராது.

32 ஜிபி காட் வாங்கினேன், கணினியில் 29.8 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. காட் செய்பவர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஐ மூன்று தரம் பெருக்கி எண்ணுகிறது. 64 என்றால் 59.6, 128 என்றால் 119.2 என்று காட்டும். பிளேயருக்குள்ளேயே இருக்கிற நினைவகத்தில் இதற்கு மேலேயும் கொஞ்சம் குறையும், பிளேயரின் சொந்த மென்பொருளும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கடையில் 256 ஜிபி காட் நம்ப முடியாத மலிவு. எடுக்கட்டுமா?

எடுக்க வேண்டாம். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். சில வருடங்களுக்கு முன் புறக்கோட்டையில் ஒரு நடைபாதைக் கடையில் 128 ஜிபி என்று அச்சடித்த காட் ஒன்றை வாங்கினேன். கணினியில் போட்டால் 119 என்று வடிவாகக் காட்டியது. ஐந்தாறு மணி நேரம் செலவழித்துப் பாட்டெல்லாம் ஏற்றினேன், ஒரு பிழையும் சொல்லவில்லை. அன்றிரவு யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் முதல் கோப்புறைகள் நன்றாகப் பாடின. முறிகண்டியில் பஸ்ஸை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு வந்து அடுத்த கோப்புறையைத் திறந்தால் பாட்டின் பெயர் திரையில் வருகிறது, நேரம் 0:00 என்று நிற்கிறது, உடனே அடுத்த பாட்டுக்குத் தாவுகிறது, அதுவும் 0:00. அப்படியே வரிசையாக நூற்றுக்கணக்கில்.

வீட்டுக்கு வந்து சோதித்தபோது உண்மையில் உள்ளே இருந்தது 8 ஜிபி. இப்படிப்பட்ட காட்டில் உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதிப் பொய் அளவைச் சொல்ல வைத்திருப்பார்கள். எட்டு நிறைந்த பிறகு வருவதை அது வாங்கிக்கொண்டது போல் காட்டிவிட்டு எங்கேயும் எழுதாமல் விடும், அல்லது முன்னே எழுதியதன் மேலேயே எழுதும். பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காக இருக்கும்.

அதனால் எந்தக் கடையில் வாங்கினாலும் பாட்டு ஏற்ற முன் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மாக்கிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. காட்டை முழுக்க நிரப்பி, திரும்ப வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று பார்க்கும். 64 ஜிபிக்கு மணிக்கணக்கில் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். பில்லை அடுத்த நாள் வரைக்கும் எறிய வேண்டாம்.

என் பழைய பிளேயரில் 64 ஜிபி காட் போட்டால் ஒன்றுமே தெரியவில்லை.

32 வரைக்கும் உள்ள காட் எஸ்டிஎச்சி வகை, ஃபேட்32 என்ற முறையில் (கோப்புகளைக் காட்டில் அடுக்கி வைக்கிற விதம்) வரும். 64இலிருந்து எஸ்டிஎக்ஸ்சி, அது எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய பிளேயர்களுக்கும், கடைகளிலும் கோயில்களிலும் வைத்திருக்கிற மலிவு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் எக்ஸ்ஃபேட் தெரியாது. காட்டைக் கணினியில் ஃபேட்32 ஆக மாற்றிப் பாருங்கள், பல பிளேயர்கள் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸில் வழக்கமான ஃபோமற் பெட்டி 32க்கு மேல் ஃபேட்32 தராமல் விடலாம், அப்போது அதற்கென்று இருக்கிற சின்ன மென்பொருள் ஒன்று தேவை. அதற்கும் சரிவராவிட்டால் 32ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் 32ஐச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், அந்த அளவு பழையதிலும் போகும், புதியதிலும் போகும்.

வேகமான காட் வாங்கினால் பாட்டு நன்றாகக் கேட்குமா?

கேட்காது. 320 கேபிபிஎஸ் பாட்டுக்கு விநாடிக்கு 0.04 மெகாபைட் வாசித்தால் போதும். கிளாஸ் 10 என்று எழுதிய சாதாரண காட் குறைந்தது 10 மெகாபைட் எழுதும். யூ3, வீ30 என்பவை வீடியோ எடுப்பவர்களுக்கு.

கைத்தொலைபேசியிலேயே பாட்டு இருக்கிறது. தனிப் பிளேயர் எதற்கு?

இன்டர்நெட்டில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அவசியமில்லை. 2021இல் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்த பிறகு என் தங்கை பிளேயரைத் தொடவே இல்லை. ஆனால் அப்படிக் கேட்பதும் டேட்டாக் கணக்குத்தான், 320 தரத்தில் கேட்டால் அதே 144 மெகாபைட் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் பாக்கேஜில் குறையும். தரவிறக்கி வைத்தால் போனில் இடம் பிடிக்கும், மாதத்துக்கு ஒருதரமாவது இணைப்புக்கு வராவிட்டால் பூட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிளேயர் பிடித்துப்போனது 2022இல். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். போனில் இருக்கிற சார்ஜ் அவசரத்துக்கு வேண்டும், பாட்டுப் போட்டுத் தீர்க்க மனம் வராது. மேசை லாச்சிக்குள் கிடந்த பழைய 8 ஜிபி பிளேயரை எடுத்து அம்மாவும் நானும் ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு இருட்டில் இருந்தோம். அதில் 600 பாட்டுக்குக் கிட்ட இருந்தது. அத்தனை வாரத்தில் ஒரு நாளும் பாட்டுக் காணாது என்று தோன்றவில்லை.

அம்மா அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்க எவ்வளவு வேண்டும்? வீட்டில் பழைய கசெட்டும் இருக்கிறது.

இதற்கு மட்டும் கொஞ்சம் ஆறுதலாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆகப் பிரயோசனமான வேலை இதுதான்.

அப்பாவிடம் நாற்பது கசெட் இருந்தது. ஊர்க் கோயில் திருவிழாவில் அவரே மேடைக்குப் பக்கத்தில் இருந்து பதிந்த நாதஸ்வரம், தவில், பண்ணிசை. எல்லாம் தொண்ணூறு நிமிடக் கசெட், முதுகில் நீலப் பேனாவால் திகதியும் வித்துவான் பெயரும். கொழும்பு ஈரக் காற்றில் சிலதின் நாடா ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தது (அப்படி இருந்தால் பிளேயரில் உடனே போடாதீர்கள், ஹெட் அழுக்காகி அடுத்த கசெட்டையும் கெடுக்கும், தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைப்பியுங்கள்). கசெட் டெக்கிலிருந்து ஒரு வயர் கணினிக்கு, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு. தொண்ணூறு நிமிடக் கசெட்டுக்குத் தொண்ணூறு நிமிடம் ஆகும், குறுக்கு வழி இல்லை. ஒரு கசெட்டில் தவில் தனி ஆவர்த்தனத்துக்கு நடுவில் அப்பா யாரோ பிள்ளையை "சத்தம் போடாதே" என்று மெல்ல அடக்குகிற குரல் இருக்கிறது. அந்தப் பிள்ளை நானாகத்தான் இருக்க வேண்டும்.

கணக்கு இப்படி: ஒற்றை மைக்கில் பதிந்தது என்பதால் மோனோவாகவே ஃப்ளாக்கில் வைத்தேன், கசெட் ஒன்றுக்குச் சுமார் 300 மெகாபைட், நாற்பதுக்கும் 12 ஜிபி. அது வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், இன்னொரு பிரதி அண்ணா வீட்டில். அதிலிருந்து 128 எம்பி3 எடுத்து அம்மாவின் பிளேயரில் போட்டேன், நாற்பது கசெட்டும் மூன்றரை ஜிபிக்குள் அடங்கிவிட்டது. பட்டிமன்றம், சொற்பொழிவு மாதிரிப் பேச்சு மட்டும் என்றால் 64 மோனோ போதும், மணிக்கு 29 மெகாபைட். ஆகவே பெரியவர்களுக்கு 8 அல்லது 16 ஜிபி. மிச்சக் காசுக்குப் பெரிய பொத்தானும் சத்தமான ஸ்பீக்கரும் எஃப்எம்மும் உள்ளதாகப் பாருங்கள், அம்மா பாதி நாள் வானொலிதான் கேட்கிறார்.

பாட்டுப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, வரிசையும் மாறிப் பாடுகிறது.

கட்டம் வருவது பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாததால். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றினால் சரி. வரிசை மாறுவது, மலிவான பிளேயர்கள் பெயரைப் பார்க்காமல் காட்டில் ஏற்றிய ஒழுங்கிலேயே பாடுவதால். 01, 02 என்று முன்னால் எண் போட்டு, ஒரு கோப்புறையை முழுதாக ஏற்றிய பிறகு அடுத்ததை ஏற்றுங்கள். அப்புறம் ஒவ்வொரு பாட்டோடும் ஒட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் பாருங்கள், சிலதில் படம் மட்டுமே ஐந்து மெகாபைட் இருக்கும். ஆயிரம் பாட்டுக்கு அதுவே 5 ஜிபி. 500க்கு 500 அளவில் சின்னதாக்கினால் அந்த இடத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

காட் நிறைந்துவிட்டது. பெரியது வாங்கட்டுமா, அழிக்கட்டுமா?

முதலில் படத்தைக் குறைத்துப் பாருங்கள், இரண்டு மூன்று தரம் கிடக்கிற ஒரே பாட்டையும் நீக்குங்கள், அதிலேயே பலருக்கு இடம் கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் போதாவிட்டால் நான் செய்வது இது: காட்டில் "எப்போதும்" என்று ஒரு கோப்புறை, "இந்த மாதம்" என்று இன்னொன்று. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இரண்டாவதை முழுக்க அழித்துவிட்டு வீட்டுச் சேமிப்பிலிருந்து புதிதாக 7 ஜிபி ஏற்றுவேன். போன மாதத்தில் எது விடாமல் காதில் ஓடியதோ அதை மட்டும் அழிக்க முன் "எப்போதும்" கோப்புறைக்கு மாற்றிவிடுவேன். நாலு வருடமாக இப்படிச் செய்கிறேன், அந்தக் கோப்புறையில் இன்றைக்கு இருப்பது 412 பாட்டு, 5 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு.